வருத்த கோழிக்கு மூன்று நட்சத்திரம்

இனி உண்மையை மட்டுமே எழுதுவது என்று புரூஃப் சார் முடிவெடுத்தார். உண்மை என்றால் சாப்பாட்டைப் பற்றிய உண்மை. மற்ற உண்மைகளைப் பற்றி அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பாடப்புத்தகமோ மருந்துப் பெட்டியோ விசிட்டிங் கார்டோ, எது அச்சேறுவதானாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்தப் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே இருபது வருஷம் சம்பளம் வாங்கியவருக்கு, சாயங்காலம் அந்தக் கண்ணைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியவில்லை. தலைவலி மாத்திரை வாங்கினால் முதலில் அட்டையில் எழுத்துப்பிழை பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் பாதி நாள் தலைவலியே போய்விடும்.

மூன்று நாள் தீம் பார்க் போவதென்று வீட்டில் தீர்மானம் ஆகியிருந்தது. தங்கும் அறை பார்க்குக்குள்ளேயே. சாப்பாடும் சேர்த்தி, உள்ளே இருக்கும் உணவகங்களில் எதில் வேண்டுமானாலும் சாப்பிடலாம். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் இணையத்தில் உட்கார்ந்து அந்த உணவகங்களுக்கு மக்கள் எழுதிய விமர்சனங்களை எல்லாம் படித்தார். அருமை. சூப்பர். செம. வேற லெவல். சாப்பாடு எப்படி இருந்தது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த ஒருவர் கீழே, ‘நாங்கள் இன்னும் போகவில்லை’ என்று எழுதியிருந்தார்.

புரூஃப் சாருக்கு ரத்தம் கொதித்தது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு விமர்சனம், நேர்மையாக, பட்டவர்த்தனமாக எழுதப் போவதாக மனைவியிடம் அறிவித்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுங்களேன்” என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணமாகி இந்தப் பதினாலு வருஷத்தில் அவர் சொன்ன எதையும் அவள் முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டதில்லை. விவரம் தெரிந்த மனிதராக இருந்தால் அந்த நிமிஷமே பெட்டியைப் பூட்டிப் பரணில் போட்டுவிட்டு வீட்டோடு கிடந்திருப்பார். இவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. புரூஃப் சாருக்கு உயரம் என்றால் ஆகாது. அச்சகத்து ஏணியில் இரண்டாவது படி ஏறினாலே முழங்கால் இரண்டும் தனியாகப் பேச ஆரம்பித்துவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதது மட்டுமில்லை, நேரெதிராக வேறு ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார். மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, புயல் அடித்த ஒரு நாள் அப்பா அச்சகத்தின் கூரைமேல் ஏறிப் பெயர்ப்பலகையைக் கயிறு போட்டுக் கட்டினார் என்று ஒரு கதை சொன்னார். உண்மையில் ஏறியது அங்கே புத்தகம் கட்டுகிற பைண்டர். இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. குழந்தை அதை நம்பி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். தீம் பார்க் என்ற பேச்சு வந்ததிலிருந்து அப்பாவோடு எதில் எல்லாம் ஏறுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, விமர்சனம் எழுதுவது ஊருக்குச் செய்யும் தொண்டு மட்டுமில்லை. ஒரு கேடயமும்கூட. எழுதுவது உட்கார்ந்து செய்கிற வேலை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எழுத முடியாது. வாலுவைச் சுற்றிக் காட்டத்தான் அம்மா இருக்கிறாளே.

அந்த அம்மாவின் தைரியத்தில் அவருக்கு முழு நம்பிக்கை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே வருகிற லாரியைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பரவாயில்லை, மெதுவா இடது பக்கம் வாங்க’ என்று சொல்கிறவள். உலகத்தில் அவள் பயப்படுகிற பொருள் ஒன்றும் இல்லை என்பது அவர் கணிப்பு. அந்தக் கணக்கில் தன்னையும் சேர்த்துத்தான் அவர் வைத்திருந்தார்.

முதல் நாள் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலைத் தாண்டியதுமே பெரிய ஊஞ்சல் கப்பல் ஒன்று வானத்துக்கும் பூமிக்குமாக ஆடிக்கொண்டிருந்தது. வாலு அங்கேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளோடு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும் என்று பலகை வைத்திருந்தார்கள். புரூஃப் சார் அந்தப் பலகையில் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எதிரில் கப்பல் மாதிரியே கட்டிய உணவகம் ஒன்று இருந்தது. அது ஆடவில்லை.

“நீங்க அந்தக் கப்பலுக்குப் போங்க. எனக்கு இந்தக் கப்பல்ல வேலை இருக்கு” என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சூப் வந்தது. அது ஆறிப்போய், மேலே ஏடு கட்டியிருந்தது. அடுத்து கோழி வந்த நேரத்தில் அம்மாவும் மகளும் திரும்பி வந்தார்கள். வாலு இரண்டு முழம் உயரத்துக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளர் குடித்தாள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள் கால் மணி நேரம் கழுவினாள். புரூஃப் சார் எதையும் கவனிக்கவில்லை. அவர் கையில் மெனு அட்டை இருந்தது. அதில் ஒரு புதையல் கிடைத்திருந்தது.

விமர்சனத்தை எழுதி வாலுவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்: “மெனுவில் ‘வருத்த கோழி’ என்று போட்டிருந்தார்கள். வல்லின றகரத்துக்குப் பதில் இடையின ரகரம் விழுந்த அச்சுப்பிழை என்று நினைத்தேன். சாப்பிட்ட பிறகு பிழை எதுவும் இல்லை என்று தெரிந்தது. கோழிக்கும் வருத்தம். எனக்கும் வருத்தம். சூப், சூடாக இருந்த காலத்தில் நன்றாக இருந்திருக்கலாம். மூன்று நட்சத்திரம்.”

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். பொத்தானை அமுக்கி அனுப்பினார். மனைவி முகமெல்லாம் தெளிந்து திரும்பி வந்து, அதே கோழியை ஒரு எலும்பு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

தட்டை எடுப்பதற்குள் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு இளம்பெண் மேசைக்கு வந்து கைகூப்பினாள். அவள்தான் பார்க் முழுவதற்கும் விருந்தினர் பிரிவு மேனேஜர். விமர்சனத்தைப் படித்ததாகவும், மனசு சங்கடப்பட்டதாகவும், தங்கள் வருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டாவது வருத்தத்துக்கு வந்த ரகரம் சரியானதுதான் என்பதால் அவர் தலையசைத்தார். அவள் ஒரு தங்க நிற அட்டையை நீட்டினாள். சுற்றும் ராட்சசக் கோப்பைகளில், வரிசையில் நிற்காமல், உடனே ஏற இரண்டு பேருக்கு அனுமதி. ஒன்று குழந்தை. இன்னொன்று விமர்சனம் எழுதியவர்.

அதெல்லாம் எதற்கு என்று அவர் ஆரம்பித்தார். மனைவி இடையில் புகுந்தாள்.

“வேண்டாம்னு சொன்னா அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும். உங்க எழுத்துக்குக் கிடைச்ச மரியாதைங்க. போய்ட்டு வாங்க. நான் பையைப் பார்த்துக்கறேன்.”

வாலு அதற்குள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி தூரம் போயிருந்தாள்.

கோப்பை இரண்டு ஆள் உயரம்தான். ஆனால் கோப்பை ஒரு பக்கம் சுற்றியது, அதன் கீழே இருந்த தட்டு எதிர்ப்பக்கம் சுற்றியது, வயிற்றுக்குள் கோழி தனக்குப் பிடித்த பக்கம் சுற்றியது. இறங்கியதும் மனைவியை நோக்கித்தான் நடந்தார். கால் ஒரு பூந்தொட்டியிடம் கொண்டுபோய் விட்டது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இருந்ததா என்று அன்பாகக் கேட்டாள். வாலு அருகிலேயே நின்றதால், குழந்தைகள் விளையாட்டு என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாடு கோட்டை உணவகத்தில். ஆம்லெட் செருப்பு மாதிரி இருந்தது. ரொட்டி அந்தச் செருப்பு வந்த அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. ‘முட்டைக்கு முட்டை மதிப்பெண்’ என்று எழுதினார். தண்ணீர் நன்றாக இருந்ததால் நியாயம் பார்த்து இரண்டு நட்சத்திரம் போட்டார். மேனேஜர் பெண் வந்தாள். இந்தத் தடவை அட்டை கொஞ்சம் பெரிது. ‘மலைப்பாம்பு’ என்கிற ராட்சச ரயில், மறுநாள் காலை பத்து மணி, குழந்தைக்கும் எழுதியவருக்கும்.

“குறை எவ்வளவு பெருசோ, நாங்க செய்யற பரிகாரமும் அவ்வளவு பெருசா இருக்கும் சார்” என்றாள் பெருமையாக.

அப்போதுதான் புரூஃப் சாருக்கு விலைப்பட்டியல் புரிந்தது. மூன்று நட்சத்திரம் கோப்பை. இரண்டு நட்சத்திரம் மலைப்பாம்பு. ஒரு நட்சத்திரம் என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்கின் நடுவில் ஒரு கோபுரம் நின்றது. உச்சியில் சிவப்பு விளக்கு. பத்துப் பேர் உட்கார்ந்த ஒரு வளையத்தை அதன் உச்சிவரை மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்து, பிறகு அப்படியே கைவிட்டார்கள். அவர் திரையை இழுத்து மூடினார்.

மறுநாள் மலைப்பாம்பு அவரை விழுங்கியது. மூன்று இடத்தில் செங்குத்தாக ஏறி, நான்கு இடத்தில் விழுந்து, ஓர் இடத்தில் தலைகீழாகச் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து துப்பியது. எப்படி மூன்று ஏறி நான்கு விழ முடியும் என்று பின்னால் பல நாள் யோசித்தார். கண்ணைத் திறந்திருந்தால் சரியாக எண்ணியிருக்கலாம். வாலு கையை விரித்துக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்தில் அப்பா ஒருத்தர் வந்தாரா, வாழ்ந்தாரா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கீழே மனைவி சோளப்பொரிப் பொட்டலத்தோடு ரயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணவர் உயிருக்குப் போராடும்போது இவள் செடி பார்க்கிறாளே என்று அவருக்கு மனத்தாங்கல். அதையும் சொல்ல முடியாது. சொன்னால் போராட்டம் நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஷாக் புரூஃப் உண்டு, வாட்டர் புரூஃப் உண்டு. மனைவி புரூஃப் என்று ஒன்றை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று இரவே புரூஃப் சாருக்கு அது தேவைப்படப் போகிறது.

மதியச் சாப்பாடு பண்ணைவீட்டு உணவகத்தில். உருளைக்கிழங்கையும் சீஸையும் அடுக்கடுக்காக வைத்து வேகவைத்த ஓர் உருப்படி. ஒரு கரண்டி வாயில் வைத்தார். இந்த ருசி தனக்கு எங்கேயோ பழக்கமானதாக இருக்கிறதே என்று யோசித்தார். பழக்கம்தான். அச்சகத்தில் பைண்டர் புத்தக முதுகில் தடவுகிற பசை. ஒரு நட்சத்திரம்கூடத் தகாது. கைபேசியை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கோபுரத்திலிருந்து பத்துப் பேர் கைவிடப்பட்டார்கள்.

‘நாவில் ஒட்டிக்கொள்ளும் சுவை’ என்று எழுதினார். ‘ஒருமுறை சாப்பிட்டால் மறக்க முடியாது.’ ஐந்து நட்சத்திரம் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு பிழையை விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. எழுதியது ஒவ்வொன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

மேனேஜர் பெண் வரவில்லை. அப்பாடா என்று தண்ணீரை எடுத்த நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. கதவகலத்துக்கு ஒரு சமையல்காரர் வந்தார். கண்ணில் ஈரம். கையில் ஒரு தட்டு. முன்னால் வைத்ததைவிடப் பெரிய தட்டு.

“இந்த ஐட்டம் போட்டு ஒன்பது மாசமாச்சு சார். அஞ்சு ஸ்டார் கொடுத்த முதல் மனுஷர் நீங்கதான். இது எங்க அன்பு” என்று வைத்துவிட்டு, அவர் சாப்பிடுவதைக் கண்ணாரப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே நின்றார்.

புரூஃப் சார் மகளைப் பார்த்தார். தன் வயிறு ‘ஃபுல்’ என்றாள். மனைவியைப் பார்த்தார். உங்களுக்குப் பிடித்ததில் நான் பங்கு கேட்க மாட்டேன் என்றாள். அவர் சாப்பிட்டார். கடைசிக் கவளம்வரை சாப்பிட்டார். எழுந்தபோது இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டிய புத்தகம் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

உண்மை சொன்னால் மேலே தூக்குகிறார்கள். பொய் சொன்னால் இன்னொரு தட்டு வைக்கிறார்கள். அன்று பிற்பகல் முழுக்க அறையில் படுத்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் எதுவும் எழுதுவதில்லை. சாப்பிட வேண்டியது, வாயைத் துடைக்க வேண்டியது, எழுந்து வர வேண்டியது. எழுதாதவனை யாரும் எதுவும் செய்ய முடியாது.

இரவு மரவீட்டு உணவகம். கடைசியில் கேக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாத யாரோ செய்தது. புரூஃப் சாரின் விரல்கள் தாமாகவே சட்டைப்பைப் பக்கம் போயின. அவற்றை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“என்னங்க, இன்னைக்கு எழுதலையா?” என்றாள் மனைவி.

“வேண்டாம்னு பார்க்கறேன்.”

“ஏன்?”

“எழுதி என்ன ஆகப் போகுது.”

அவள் அவரை வற்புறுத்தவில்லை. வாலுவின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், அவர் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அப்பாவைத் தப்பா நினைக்காதேம்மா. அந்த மேனேஜர் பொண்ணு ரெண்டு தடவை கார்டு கொடுத்துட்டா இல்ல, அதான் மனசு இளகிட்டார். ரெண்டு கார்டு கொடுத்தா யாரா இருந்தாலும் வாயை மூடிப்பாங்க. மனுஷங்கன்னா அப்படித்தான்.”

“யார் வாயை மூடினது?” என்றார் புரூஃப் சார்.

கைபேசி வெளியே வந்திருந்தது. லஞ்சம் வாங்கியதாக அவரை அச்சகத்தில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. ‘இனிப்பு என்று கொண்டுவந்து வைத்தார்கள்’ என்று எழுதினார். ‘அதை இனி உப்பு என்று பிரித்துப் படிக்க வேண்டும்.’ அதோடு நிற்கவில்லை. கேக்கின் மேலே இருந்த கிரீம், கீழே விரித்திருந்த காகிதம், காகிதத்தையே முதலில் சாப்பிட்டிருக்கலாமோ என்ற சந்தேகம், எல்லாவற்றையும் எழுதினார். இவ்வளவு நன்றாக அவர் எப்போதும் எழுதியதில்லை. எழுதுகிற ருசியில் உப்புகூட மறந்துவிட்டது. ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்பிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

மேனேஜர் பெண் கொண்டுவந்த அட்டை இந்தத் தடவை பளபளவென்று ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தது. கோபுரம். காலை பத்து மணி. வாலு அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் எட்டரை மணிக்கெல்லாம், காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி, புரூஃப் சார் மேனேஜர் அலுவலகத்துக்குப் போனார். சின்ன அறை. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சிரித்த முகங்களின் படங்கள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நாற்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத உண்மையைக் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்ணிடம் சொன்னார். தனக்கு உயரம் என்றால் பயம். கோப்பையில் பயம், பாம்பில் பயம், கோபுரத்தைத் தூரத்தில் பார்த்தாலே பயம்.

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு வேளைகூட இப்படி நடந்திருக்காதே என்று அவள் பதறினாள். அட்டையில் அவர் பெயரை எடுத்துவிட்டு வேறு பெரியவர் பெயரைப் போடுவது ஒரு நிமிஷ வேலை என்றாள்.

“அப்படின்னா என் மனைவி பேரைப் போடுங்கம்மா. அவளுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறவ” என்றார் புரூஃப் சார், ராஜ்யத்தைத் தானம் கொடுக்கிறவர் மாதிரி.

மேனேஜர் பெண் பேனாவை எடுத்தாள். எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“அதுல ஒரு சிக்கல் இருக்கு சார்” என்றாள். “மேடம் முதல் நாள் மத்தியானமே என்கிட்ட வந்துட்டாங்க. ஊஞ்சல் கப்பல்ல ஏறி இறங்கின கையோட. ‘மூணு நிமிஷமும் என் வலது கால் பிரேக்கைத் தேடிக்கிட்டே இருந்துச்சு, பிரேக் இல்லாத எதுலயும் இனிமே நான் ஏற மாட்டேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை’ன்னு சொன்னாங்க. குழந்தையோட வேற யார் ஏறலாம்னு கேட்டாங்க. அந்த நேரம் பார்த்து உங்க கோழி விமர்சனம் வந்துச்சு.”

“வந்து?”

“இந்த மாதிரி விமர்சனம் வந்தா வழக்கமா ஒரு ஐஸ்கிரீம் கொடுப்போம் சார். மேடம்தான் சொன்னாங்க, ஐஸ்கிரீம் எல்லாம் வேண்டாம், அவருக்கு ரைடுன்னா உயிர், வாய் விட்டுக் கேட்கத்தான் கூச்சப்படுவார்னு.”

அவருக்கு ரைடுன்னா உயிர். புரூஃப் சார் மனசுக்குள் அந்த வாக்கியத்தை ஒருமுறை திருத்திப் பார்த்தார். கடைசியில் ‘போய்விடும்’ என்று ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. தெரிந்தேதான் விட்டிருக்கிறாள்.

கோபுரத்தடியில் ஒரு பெஞ்ச். மனைவி மடியில் பையோடு, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வாலு கொஞ்சம் தள்ளி, வரிசையே இல்லாத தனிவாசலில் நின்று கையசைத்தாள். அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பூச்செடியைப் பார்த்தார்கள்.

“உனக்குப் பயம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க மெனு அட்டையில பிழை தேடிட்டிருந்தீங்க.”

“எனக்கும்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும். நம்ம வீட்ல பதினாலு வருஷமா பல்பு மாத்தறது யாருங்க?”

பல்பு மாற்றும் நாளெல்லாம் தனக்கு மணிக்கட்டு வலி என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. எந்தக் கை என்பதைக்கூட ஒழுங்காக ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

“நீங்க இன்னைக்கு என்கிட்ட வந்து, முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் அவளைச் சமாதானம் பண்ணி ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்” என்றாள். கேலி இல்லாமல்தான் சொன்னாள். “ஆனா அதை அவகிட்ட நீங்கதான் சொல்லணும்.”

அவர் எழுந்து போனார். சொல்லத்தான் போனார். வாலு அவர் கையைப் பிடித்தாள், யாரோ ஒரு கதவைத் திறந்தார்கள், யாரோ தோளுக்குமேல் ஒரு கம்பியை இறக்கிப் பூட்டினார்கள், தரை கீழே போக ஆரம்பித்தது.

பாதி உயரத்தில் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னார்.

“வாலு, அப்பாவுக்குப் பயமா இருக்கு.”

“தெரியும்ப்பா” என்றாள் அவள். “மலைப்பாம்புலயும் கண்ணைத் திறக்கவே இல்லையே நீங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க. இறங்கும்போது கத்திடுங்க. கத்தினா வயித்துல ஒண்ணும் தெரியாது.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உச்சியில் வளையம் நின்றது. காற்று ஒரு பக்கமாக அடித்தது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தார். மொத்தப் பார்க்கும் ஒரு பக்க அச்சு மாதிரி கீழே விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் முற்றுப்புள்ளி அளவுக்கு ஒரு பெஞ்ச். பிறகு கைவிட்டார்கள். புரூஃப் சார் கத்தினார். வாலுவைவிட அதிகமாகக் கத்தினார். எழுத்தே இல்லாத ஒரு கத்தல்; அதில் பிழை பார்க்க ஒன்றுமில்லை.

கீழே வந்து சேர்ந்தபோது உயிர் இருந்தது. இன்னொரு தடவை ஏறலாமா என்று மகள் கேட்டதற்கு, முடியாது என்று முதல் தடவையாக உள்ளபடியே சொன்னார். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை இருந்து, பிறகு தன் கைபேசியை நீட்டினாள். பார்க்கை விட்டுக் கிளம்புகிறவர்கள் எழுத வேண்டிய விமர்சனமாம். மூன்று நாளில் அவள் எழுதிய ஒரே விமர்சனம்.

“அனுப்பறதுக்கு முன்னாடி பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க” என்றாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘சாப்பாட்டைப் பற்றி என் கணவர் எழுதியிருக்கிறார். ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. அவரையும் மகளையும் வேளாவேளைக்கு மேலே அனுப்பிவைத்தீர்கள். முதல் நாள் மூன்று நிமிடம் தவிர, நான் மூன்று நாளும் கீழேயே இருந்தேன். இவ்வளவு நிம்மதியான விடுமுறை எனக்கு வாய்த்ததே இல்லை. ஐந்து நட்சத்திரம்.’

புரூஃப் சார் அதை இரண்டு முறை படித்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.